ஆளுக்குச் சரிபாதி

– எலி செத்ததுக்கா ஆத்தா மூஞ்சிய இப்பிடித் தூக்கி வச்சிருக்க? ஏறு வண்டியில. ஒத்தக்கடை ஆட்டோக்காரன் பூராம் உன்னயத்தான் பாக்குறான்.

– எல்லாம் சாகலண்ணே. பெருசெல்லாம் திடமா இருக்கு. குட்டிகதான் போயிருச்சு.

– டாக்டர் பட்டம் வாங்குறேன்னு காலேஜுக்குப் போயி, எலிக்குட்டிக்கு ஒப்பாரி வைக்கிற. மருந்த அளவாக் குடுக்க வேண்டியதுதானே மீனா?

– அளவாத்தான் குடுத்தோம். ஒவ்வொண்ணையும் எடை போட்டு, எடைக்குத் தக்கன. குட்டிக்குக் கொஞ்சூண்டுதான். அப்பவும் தாங்கல.

– அதெப்பிடி?

– விஷத்த ஈரல் முறிக்கணும்ணே. குட்டிக்கு ஈரல் இன்னும் அந்த வேலைக்குப் பழகல. மொதல்ல கண்ணுல தண்ணி, வாயில எச்சி. பெறகு அடங்கிருச்சு. தூங்குதுன்னு லேப்ல இருந்த ராம்கி சார் சொன்னாரு. நானும் தூங்கட்டும்னு விட்டுட்டேன்.

– என்ன மருந்து அது?

– நம்ம மல்லிப்பூத் தோட்டத்துக்கு அடிக்கிறதுதான். மொட்டுப் புழுவுக்கு சிம்மக்கல்லுல வாங்கியாருவியே.

– போன வாரம் நீதானத்தா சொன்ன, அத வச்சும் எலிக்கு ஒண்ணும் ஆகல, குண்டாத் திரியுதுன்னு?

– அது பெரிய எலி. குட்டிக்கு நேத்துத்தான் குடுத்தோம். ஏன் வண்டிய மெதுவா ஓட்டுற?

– வாயில ஊத்தினாத்தானே? மேல தடவினா ஒண்ணும் செய்யாதுல்ல?

– தோல் வழியாவும் உள்ள எறங்கும். எதுக்குக் கேக்குற?

– பெரியவ திவ்யா பள்ளிக்கூடத்துல இருந்து பேன் கொண்டாந்துட்டா. அவகிட்ட இருந்து சின்னவளுக்கும் ஏறிக்கிருச்சு.

– அண்ணே.

– நமக்கும் ஐயா பேனுக்கு இதத் தேச்சுவிட்டவருதானே. செத்தா போனோம்?

– எனக்கு அப்பப் பதினோரு வயசு. ஒனக்கு மீசை மொளச்சிருச்சு. சின்னவளுக்கு ரெண்டரை வயசுண்ணே. பேசாம மொட்டையடிச்சிருக்கலாம்ல?

– குலசாமிக்கு விட்ட முடி. மாசியில கோயில்ல வச்சுத்தான் எறக்கணும். அதுக்கு முந்தி கத்தி படலாமா?

– எம்புட்டு ஊத்துன?

– தேங்காயெண்ணெயில ஒரு மூடி. ஆளுக்குச் சரிபாதி. அக்காளுக்குக் கூட வச்சா சின்னது உருண்டு பொரண்டு அழுகும். உன் மதினிதான் தேச்சுவிட்டா. கலக்கிக் குடுத்தது நானு.

– எப்பக் குளிப்பாட்டுனீங்க?

– குளிப்பாட்டல. துண்டு கட்டி ஊற வச்சிருக்கு. சாயங்காலம் நீ வந்து பக்குவமா அலசிவிடுவன்னுதான்.

– துண்டு இன்னும் தலையிலயா இருக்கு? நிறுத்துண்ணே. வண்டிய ஓரங்கட்டு. மதினிக்குப் போனப் போடு. ஸ்பீக்கர்ல.

– ஏங்க, எங்க வாரீக?

– மதினி, மீனா பேசுறேன். திவ்யா எங்க?

– வாசல்ல நொண்டி வெளாடுறா. அவளுக்கென்ன, சொன்ன பேச்சக் கேட்டாத்தானே. துண்டக்கூட எங்கிட்டோ வீசிட்டா.

– சின்னவ?

– அவ மத்தியானத்துல இருந்து ஒரே நைநைன்னு இருந்தா மீனா. கண்ணுல தண்ணி, வாயில எச்சி நிக்கவே இல்ல, மடியெல்லாம் நனைச்சுப்புட்டா. இப்பத்தான் எல்லாம் அடங்கி, அசையாமத் தூங்குறா. உங்கண்ணன ஆரன் அடிக்காம வரச் சொல்லு, முழிச்சுக்கிரப் போறா.