ரெண்டு கையால வாங்குற தண்ணி

— தண்ணியெல்லாம் வேணாம் அண்ணி. துப்பாக்கிய எடுத்தாந்து குடுங்க, நான் போறேன்.

— இன்னா துப்பாக்கி? எங்க வூட்ல ஏது துப்பாக்கி?

— மங்கம்மா அண்ணி, யாருகிட்ட கத வுடுறீங்க? உங்கூட்டுக்காரன் பன்னி வெரட்ட வச்சிக்கினு இருந்த நாட்டுத் துப்பாக்கி. என்னச் சுட்ட துப்பாக்கி.

— சுட்டான்னு சொல்லாத சக்கரவர்த்தி. சாமை வெதச்ச கொல்லையில பொதரு ஆடிச்சி, பன்னின்னு நெனச்சிட்டாரு. நீ அந்தப் பக்கம் குந்தினு இருப்பேன்னு அவரு இன்னாத்தக் கண்டாரு?

— சரி, கெடக்கட்டும். தாண்டவராயன் எங்க?

— கணியம்பாடிக்குப் போய்க்கிறாரு. புளி போட.

— ஐப்பசி மாசத்துல இன்னா புளி?

— போன வருசத்துப் புளி.

— அப்ப மச்சு மேல இருமுறது யாரு?

— எலி.

— எலிக்குப் பீடி இருமல் வருமா அண்ணி? எறங்கி வரச் சொல்லுங்க. எனக்கு நேரமில்ல.

— இன்னாத்துக்கு வரணும்? எங்கிட்ட சொல்லு.

— அவங்கிட்டதான் சொல்லுவேன். துப்பாக்கிய எடுத்துக்கினு அவன் வரணும். மூஞ்சிக்கு மூஞ்சி பாத்து ஒரு வார்த்த சொல்லணும்.

— ஒரு வார்த்த சொல்ல துப்பாக்கி எதுக்கு?

— நவுருங்க அண்ணி.

— நவுர மாட்டேன். வாசப்படி ஏறணும்னா மொதல்ல இந்தத் தண்ணிய வாங்கிக் குடி. எந்த வூட்லயும் இதானே வழக்கம்.

— சரி, குடுங்க.

— இன்னா, ஒரு கைய நீட்டுற?

— தாகத்துக்கு ஒரு கை போதும்.

— ரெண்டு கையாலயும் வாங்கு.

— மரியாத பாக்குற நேரமா இது? வேற நாள்ல பாத்துக்கலாம்.

— மரியாதன்னா நெனச்சிக்கினு கீறே? உங்கம்மா அப்பிடித்தான் சொல்லி வளத்திருப்பா.

— முதுகுல சாத்தி சாத்தி வளத்தா. ‘ரெண்டு கைய நீட்டுடா’ன்னு.

— உங்கம்மாவுக்கும் தெரியும். உங்கிட்ட சொல்லியிருக்க மாட்டா. நான் சொல்றேன், கேளு. ரொம்ப காலத்துக்கு முன்ன இந்த ஊர்ல அண்ணந்தம்பிக்குள்ள வரப்புத் தகராறு. பெரியவன் வூட்டுக்குச் சின்னவன் வந்தான். கம்பளி போத்திக்கினு வந்தான், உன்ன மாதிரியே. பெரியவன் பொண்டாட்டி தண்ணி குடுத்தா. ஒரு கையால வாங்கிக் குடிச்சான். செம்பத் திருப்பிக் குடுக்கச்சொல்ல இன்னொரு கை வெளிய வந்துச்சி, அருவாளோட. குடிச்ச வாய்கூட காயல, அண்ணங்காரன் தல தரையில கெடந்துச்சி.

— யாரு சொன்னது இத்த?

— எம்மாமியா. இந்த வூட்லதான் நடந்துச்சி, நீ நிக்கிற வாசப்படியில. அப்பால அந்தப் பொம்பள இன்னா பண்ணா தெரியுமா? பெரிய செம்பா ஒண்ணு வாங்கினா. வந்தவங்களுக்கெல்லாம் வழிய வழிய ரொப்பிக் குடுத்தா. ஒரு கையால தாங்க முடியாது. ரெண்டு கையும் வெளிய வந்தாத்தான் உள்ள வுடுவா. அத்தப் பாத்து ஒவ்வொரு வூட்லயும் பொம்பளைங்க புடிச்சிக்கினோம். ஆம்பளைங்களுக்கு மட்டும் மரியாதன்னு சொல்லி வச்சோம். பயம்னு சொன்னா உங்களுக்குக் கோவம் வரும்ல.

— இத்தினி வருசம் இந்த வூட்ல துன்னுக்கினு குடிச்சிக்கினு இருந்தவன். எம்மேலயும் பயமா?

— இன்னிக்கு பயம்தான். வந்ததுலேர்ந்து அந்தக் கைய வெளிய எடுக்கல நீ.

— எடுக்க மாட்டேன்.

— அப்ப அருவா கீது.

— மங்கம்மா, வழிய வுடு.

— அண்ணிய வுட்டுட்டு வெறும் பேரு சொல்லிக் கூப்பிடுற. இது வரிக்கும் கூப்பிட்டதில்ல. தம்பி, உள்ள வச்சிக்கினு இருக்கிறத கீழ போடு. உன் கால்ல வுழறேன்.

— உனக்குப் பாக்கணும், அவ்ளோதானே? இந்தா, கம்பளிய எடுத்துட்டேன். நல்லா பாரு.

— ஐயோ.

— மொழங்கைக்குக் கீழ ஒண்ணுமில்ல. சீழ் வச்சிடுச்சி. எடுத்தாத்தான் உசிரு தங்கும்னு திருப்பத்தூர் ஆஸ்பத்திரியில எடுத்துட்டாங்க. ரெண்டு கையால வாங்குன்னு கேக்கிற. எங்க போவேன் நான்?

— கட்டு போட்டுக்கிறாங்க, சரியாய்டும்னுதானே ஷஃபியுல்லா பாய் சொன்னாரு. அவரு மரப்பட்ட ஏத்துற லாரியிலதானே உன்ன இட்டுக்கினு போனாங்க.

— பாய் நல்லவரு. நல்ல சேதிய மட்டும்தான் மல மேல கொண்டாருவாரு.

— சாமி, நான் இன்னா சொல்லுவேன். ஏரு புடிச்ச கை.

— அழுவாத. துப்பாக்கிய எடுத்தா.

— மாட்டேன். கை போனவன் கேட்டா இன்னும் பயமா கீது. எங்க எருது ரெண்டையும் ஓட்டிக்கினு போ. கொல்லைய எடுத்துக்க. அந்த ஆள மட்டும் வுட்டுடு.

— எருத ஓட்டிக்கினு போயி ஒரு கையில நான் இன்னா பண்ணட்டும்?

— மங்கா, செம்பக் கீழ வை. நான் எறங்கறேன்.

— நீங்க மச்சு மேலயே கெடங்க. சொன்னா கேக்க மாட்டீங்களா?

— கேட்டுக் கேட்டுத்தான் எலியாட்டம் பூந்துக்கினு கெடந்தேன். சக்கரவர்த்தி, இதோ வந்துட்டேன்டா.

— வந்துட்டியா தாண்டவா. ஒரு மாசமா ஆஸ்பத்திரி வாசலையே பாத்துக்கினு இருந்தேன். கண்டவன்லாம் வந்தான். நீ வரல.

— அடிவாரம் வரிக்கும் வந்தேன்டா. போலீசு நின்னுக்கினு இருந்துச்சி. கால் திரும்பிடுச்சி. பயந்துட்டேன், வேற ஒண்ணும் சொல்றதுக்கில்ல.

— அதே போலீசு இப்ப மல ஏறி வந்து ஜமுனாமரத்தூர்ல டீ குடிச்சிக்கினு கீது. துப்பாக்கிய எடுத்தாந்தியா?

— இந்தா. வெடிமருந்து கெட்டிச்சித்தான் கீது. சுடறதா இருந்தா கொல்லையில வச்சி சுடு. இவ கண்ணு முன்னால வேணாம்.

— ஏங்க, வேணாங்க. தம்பி, என்னச் சுடு.

— ரெண்டு பேரும் வாய மூடுங்க. மருந்த மொதல்ல எடுத்துப் போடு, எனக்கு ஒரு கையால வராது. அப்பால கம்பளிய துப்பாக்கி மேல போத்தி வுடு, ரோட்ல யாரும் பாக்கக் கூடாது.

— எங்கடா எடுத்துக்கினு போற?

— எங்கூட்டுக்கு. யாரு துப்பாக்கின்னு போலீசு கேட்டுச்சி. என்னுதுதான், கை தவறி நானே சுட்டுக்கினேன்னு எழுதிக் குடுத்துட்டேன். அவங்க வந்து தேடச்சொல்ல எங்கூட்ல இருக்கணும். ஒத்தக் கையனப் பாத்தா கோர்ட்டுல எரக்கம் பாப்பாங்க, உன்னப் பாத்தா பாக்க மாட்டாங்க. உம்மேல எனக்கு ஆத்திரம் தீரல தாண்டவா. ஆனா நீ ஜெயிலுக்குப் போய்ட்டா, ரெண்டு வூட்டுக் கொல்லைக்கும் சேத்து ஏரு புடிக்க இந்த ஒரு கைதான்டா மிஞ்சும்.