கட்டம் கட்டமாக ஒரு பதில்

வேலை கிடைக்காமல் டெல்லி முனிர்காவிலிருந்து திரும்பிய பேருந்தில், எனக்கு முன்னால் நின்ற பெண் தன் அப்பாவிடம் சொன்னாள்: "மாப்பிள்ளை கட்டம் கட்டமா அனுப்பியிருக்கார்ப்பா."

"ஜாதகமா?"

"பதில். கல்யாணத்துக்கப்புறமும் நான் வேலைக்குப் போகலாமான்னு இங்கிலீஷ்ல கேட்டேன். தமிழ்ல எழுதி மெயில்ல அனுப்பியிருக்கார், ஒரு ஃபைலா. சைபர் கஃபேல ஃபைலைத் திறந்தா எழுத்தே இல்ல, வெறும் கட்டம். கடைக்கார அண்ணா கம்ப்யூட்டரையே அணைச்சுப் போட்டுப் பார்த்துட்டார்."

"தமிழ் ஃபான்ட் இருக்காது. என் ஆபீஸ்ல இருக்கு, திறந்துடலாம்."

"அச்சா, திறந்ததும் யார் படிக்கறது? டெல்லியில வளர்த்தீங்களே, எனக்கு 'அ'னா தெரியுமா?"

"நான் படிச்சுச் சொல்றேன்."

"வேண்டாம்ப்பா. நீங்க படிச்சா, 'வேலையை விட்டுடு'ன்னுதான் எழுதியிருக்கும்."