தங்கச்சி கல்யாணத்துக்கு ஓர் அழைப்பு

முட்டிவலிக்கு மாத்திரை வாங்கப் போய், அதை மறந்து மிக்சர் பொட்டலத்தோடு காளவாசலில் பஸ் ஏறினேன். முன்சீட்டில் இரண்டு காலேஜ் பையன்கள். இருவர் சட்டையிலும் ஏதோ சகோதரர் சங்கத்து பேட்ஜ். ஜன்னலோரப் பையன் சொன்னான்:

"தங்கச்சி கல்யாணத்துக்குக் கண்டிப்பா வந்துரு மாப்ள. பந்தியில மட்டும் உக்காராத. பார்சல் கட்டித் தாரேன்."

"ஏன், அம்புட்டையும் நானே தின்னுருவேன்னு பயமாடா?"

"இல்லடா. பெரியப்பா எந்தத் தெருன்னு கேப்பாரு. நீ சொன்னாலே தெரிஞ்சிரும். பக்கத்துல உக்காந்தவுக எந்திரிச்சிருவாக."

"சங்கத்துல சேந்த அன்னைக்கு எல்லாரும் ஒரே தாம்பாளத்துல சாப்பிட்டமே. சாதி பாக்க மாட்டோம்னு சத்தியம் வாங்குனதே நீதானடா."

"அது ஹாஸ்டல் மாப்ள. இது வீடு."

மற்றவன் எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். நான் மிக்சரை நீட்டினேன். வேண்டாம் என்று தலையாட்டினான்.

ஜன்னலோரப் பையன் திரும்பிப் பார்த்துக் கெஞ்சினான்:

"சங்கத்து போட்டோவுக்காச்சும் வந்து நில்லு மாப்ள. நீ இல்லேன்னா, என்னையப் போயி சாதி பாக்குறவன்னு பேசிருவாய்ங்க."