யானைக்குட்டிப் பெட்டி

தேத்தண்ணி நன்றாக இருக்கிறது, ஐயா. சீனிதான் ஒரு கரண்டி கூடிப்போயிற்று. பரவாயில்லை, குடித்துக்கொண்டே சொல்கிறேன். நீங்களும் வாக்குமூலத்தை நிதானமாக எழுதிக்கொள்ளலாம்.

என் பெயர் ராக்காயி. சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவியவள். தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றபோது தம்பி அர்ச்சுனனோடு ஈப்போவில் இந்தப் புந்தோங்குக்கு வந்துவிட்டேன். அவன் லோரி ஓட்டுகிறான். எனக்குப் புருஷன் போய்ப் பத்து வருஷம் ஆகிறது. வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. ஆனால் பவானி இருந்தாள்.

பவானி என் தம்பி மகள். பிறந்து ஐம்பது நாளில் அவளை என் கையில் போட்டுவிட்டு, அவளைப் பெற்ற நல்லம்மாள் சிங்கப்பூரில் ரேடியோ ஃபேக்டரி வேலைக்குப் போனாள். நான் குறை சொல்லவில்லை, குடும்பத்துக்காகத்தான் போனாள். மூன்றரை வருஷம். தீபாவளிக்கு வருவாள், ஒரு வாரம் இருப்பாள், போய்விடுவாள். பால் கரைத்துக் கொடுத்தது நான். அம்மை வார்த்தபோது வேப்பிலையால் வருடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது நான். பேச்சு வந்தபோது பிள்ளை என்னைத்தான் அம்மா என்றாள். நான் திருத்தவில்லை. எதற்குத் திருத்த வேண்டும்?

இந்த வருஷம் தைப்பூசம் கழிந்து நல்லம்மாள் ஒரேயடியாக வந்துவிட்டாள். "இனிமே போக மாட்டேன் அண்ணி, ஈப்போவுலயே ஏதாச்சும் வேலை பாத்துக்கிறேன்" என்றாள். மகளுக்கென்று உள்ளங்கை அகலத்தில் ஒரு சிவப்புப் பெட்டி வாங்கி வந்திருந்தாள். டிவியில் சாயங்காலம் ஒரு கார்ட்டூன் வருமே, தொப்பி போட்ட யானைக்குட்டி, அதுதான் பெட்டிக்குள்ளே. மேலேயிருந்து பழம் விழும். பொத்தானை அமுக்கினால் யானைக்குட்டி தும்பிக்கையால் பிடிக்கும், பிப் என்று கத்தும். மூன்று பழம் தவறினால் உட்கார்ந்து அழும். சின்னப் பிள்ளைகளுக்கென்றே செய்தது, அதில் வேறு ஒரு சூட்சுமமும் கிடையாது.

மூன்றரை வருஷம் நான் வளர்த்ததை அந்தப் பெட்டி மூன்றே நாளில் வாங்கிக்கொண்டது. தாயும் மகளும் தலையோடு தலை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தால் எழுந்திருப்பதே இல்லை. சோறு ஊட்டப் போனால் பிள்ளை வாயை மட்டும் திறக்கும், என்னைப் பார்க்காது. ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். எனக்குத் தன் பிள்ளை ஏது, ஐயா?

ஒருநாள் நானும் ஆசையாகக் கை நீட்டினேன். "இங்க கொண்டா, நான் பிடிச்சுக் காட்டுறேன்."

"வேணாம். அத்தைக்கு வெளாடத் தெரியாதுலா. அம்மாதான் வேணும்" என்றாள் பவானி.

அத்தை. அன்றைக்குத்தான் முதல் தடவை அப்படிச் சொன்னாள். "அப்புடிச் சொல்லக் கூடாது கண்ணு" என்றாள் நல்லம்மாள், சிரித்துக்கொண்டே. யார் சொல்லிக் கொடுத்த அத்தை என்று எனக்குத் தெரியாதா? வயிறு எரிந்தது. பொறாமையா என்று கேட்டீர்களே, ஆமாம், பொறாமைதான். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது.

மறு வியாழக்கிழமை இருவரும் கோயிலுக்குப் போயிருந்தார்கள். நான் தம்பியின் சின்னத் திருப்புளியை எடுத்துப் பெட்டியின் முதுகைத் திறந்தேன். உள்ளே ஒரே குழி. அதில் சட்டைப் பொத்தான் அளவில் பேட்டரி, ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு. மேலே இருந்ததை எடுத்து என் வெற்றிலை டப்பாவில் போட்டுக்கொண்டேன். ஸ்க்ரூ கை தவறி எங்கோ உருண்டுவிட்டது, தேடவில்லை. மூடியைச் சும்மா வைத்து அழுத்தினேன்.

யானைக்குட்டி அடங்கிப்போனது. பிள்ளை அழுதாள். அழுதுகொண்டு என்னிடம் வருவாள் என்று பார்த்தேன். அவளிடம்தான் போனாள். "சனிக்கெழம டவுனுக்குப் போயி வேற பேட்டரி வாங்கிப் போடலாம்" என்று நல்லம்மாள் ஒரு வார்த்தையில் சமாதானம் செய்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் நல்லம்மாள் பின்னால் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். பவானி தொண்டையைப் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தாள். "அத்தை, யானையோட காச முழுங்கிட்டேன். அம்மாகிட்டச் சொல்லாதீங்க, அடிப்பாங்க." நான் பெட்டியைப் பார்த்தேன். மூடி கழன்று கிடந்தது, குழி காலி. எத்தனையோ நாளைக்குப் பிறகு பிள்ளை எனக்கென்று ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறாள். சொல்ல மாட்டேன் என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன்.

சாயங்காலம் நல்லம்மாளே கண்டுகொண்டாள். பிள்ளை சாப்பிடவில்லை, எச்சில் ஒழுகிக்கொண்டே இருந்தது. பெட்டியை எடுத்துப் பார்த்தாள். "அண்ணி, இதுல இருந்த பேட்டரியக் காணோம். முழுங்கிட்டாளோ என்னமோ. டெக்சி பிடிச்சு ஆஸ்பத்திரிக்குப் போயிரலாம்."

சத்தியமாகச் சொல்கிறேன், நானும் கிளம்பினேன். பிள்ளையின் துணியைப் பையில் எடுத்து வைத்தேன். அப்போதுதான் அவள் சொன்னாள்: "நீங்க வீட்ல இருங்க அண்ணி. வார்டுல தாய் ஒருத்தியத்தான் கூட இருக்க விடுவாங்க. நான் பாத்துக்கிறேன்." அந்த வார்த்தையை அவள் சொல்லாமல் இருந்திருந்தால் நானே ரோட்டுக்கு ஓடி டெக்சியை நிறுத்தியிருப்பேன்.

நீங்கள் யாழ்ப்பாணத்துக்காரர், உங்கள் வீடுகளில் தொக்கம் எடுக்கும் வழக்கம் இருக்காது. பிள்ளை சாப்பிடாமல் கிடந்தால் தொண்டையில் எதுவோ சிக்கியிருக்கிறது என்று எங்கள் சனங்கள் தூக்கிக்கொண்டு வருவார்கள். வயிற்றில் விளக்கெண்ணெய் தடவி நீவி, தொண்டைக்குழியில் வாய் வைத்து உறிஞ்சித் தட்டில் துப்புவேன். முடி வரும், தேங்காய்ச் சில்லு வரும். முன்னாலேயே கன்னத்தில் ஒதுக்கி வைத்திருப்பதுதான். ஏமாற்று என்று எழுதாதீர்கள். தட்டில் கண்டதும் தாய்க்குத் தைரியம் வந்துவிடும், பிள்ளை தானாகச் சாப்பிடும். பாதி புந்தோங் என் கைக்கு வந்திருக்கிறது.

"ஏன்டி பதறுறே, நான் எதுக்கு இருக்கேன்? உக்காரு" என்றேன். நல்லம்மாளும் தோட்டத்துப் பிள்ளைதான், சின்ன வயதில் அவளுக்கும் எடுத்திருப்பார்கள். உட்கார்ந்தாள். நான் உள்ளே போய் வெற்றிலை போட்டுக்கொண்டு வந்தேன். நீவினேன், உறிஞ்சினேன், துப்பினேன். தட்டில் டங்கென்று பேட்டரி விழுந்தது.

நல்லம்மாள் என் காலைக் கட்டிக்கொண்டாள். "கொலசாமியே நேர்ல வந்த மாதிரி இருக்கு அண்ணி" என்று தேம்பினாள். பேட்டரியைத் துடைத்துக் கைக்குட்டையில் முடிந்து வைத்துக்கொண்டாள், புருஷனிடம் காட்ட. ஒரு குழிக்கு ஒரு பேட்டரி என்றுதான் அவள் நினைத்தாள். இரண்டு என்று தெரிந்தவள் நான் ஒருத்திதான். அவள் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை.

அதன்பிறகு பிள்ளை என்னோடுதான் கிடந்தாள். பார்லித் தண்ணியைக் கரண்டியால் விட்டேன், பாதி வெளியே வந்தது. காய்ச்சலுக்கு ஈரத்துணி போட்டேன். ஞாயிற்றுக்கிழமை தம்பி லோரியிலிருந்து இறங்கி வந்து பார்த்தான். "அக்கா, ஒருக்கா டாக்டர்கிட்டக் காட்டிடலாமா?" என்றான். "உள்ள இருந்த சாமான் உரசிக்கிட்டு வந்திருக்கு, புண்ணு ஆற நாலு நாள் ஆகாதா?" என்றேன். அக்கா சொன்னால் அவனுக்கு மறுபேச்சு கிடையாது. நல்லம்மாளும் அவன் பின்னால் நின்று ஏதோ முனகினாள். "அந்தச் சனியனக் கொண்டாந்து பிள்ளை கையில குடுத்தது யாரு?" என்று கேட்டேன். அதோடு அவள் கிட்டே வரவே பயந்து, வாசற்படியில் நின்று பார்த்துவிட்டுப் போவாள். அது எனக்கு ஆறுதலாக இருந்தது. பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது.

செவ்வாய்க்கிழமை காலையில் பிள்ளை ரத்தமாக வாந்தி எடுத்தாள். தம்பி லோரியிலேயே தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினான். டாக்டர் படம் எடுத்துப் பார்த்து, தொண்டைக்குக் கீழே வட்டமாக ஒன்று மாட்டியிருக்கிறது என்றாராம். நல்லம்மாள் கைக்குட்டையை அவிழ்த்து, "அதத்தான் எடுத்தாச்சே, இந்தா இருக்கே" என்று காட்டினாளாம். மத்தியானத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அதனால் நேராகவே எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. தட்டில் விழுந்தது நான் திருடி வைத்திருந்தது. மற்றது பிள்ளைக்குள் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் துப்பினேன், தெரிந்துதான் நாலு நாளும் தடுத்தேன். சாக வேண்டும் என்று நினைக்கவில்லை. அவளோடு போகக் கூடாது என்று மட்டும்தான் நினைத்தேன்.

பெற்றவள் அவள்தான் என்று ஊரே சொல்கிறது. சொல்லட்டும். ஒன்றை மட்டும் நல்லம்மாளிடமே கேட்டுப் பாருங்கள், அவளும் இல்லையென்று சொல்ல மாட்டாள். தொண்டை வெந்து குரல் எழும்பாமல் கிடந்த அந்த நாலு நாளும், பிள்ளை ஒரு தடவைகூட அவளை அம்மா என்று கூப்பிடவில்லை.