சாரல் வீட்டுச் சட்டம்

ஞானதுரை: நில்லுலே கைலாசம். எங்கன போயிட்டு வார?

கைலாசம்: பெரிய அருவிக்குத்தான். குற்றாலத்துக்கு வந்துட்டு வேற எங்க போக?

ஞானதுரை: குளிச்சியா?

கைலாசம்: ஆசை தீர...

ஞானதுரை: தலை ஏம்லே காஞ்சு கெடக்கு?

கைலாசம்: துவட்டிட்டேன்.

ஞானதுரை: துண்டும் காஞ்சுல்லா கெடக்கு.

கைலாசம்: ...காத்து அடிக்குல்லா.

ஞானதுரை: இந்தச் சாரல்ல முந்தாநாள் போட்ட வேட்டியே இன்னும் காயல. ஒனக்கு மட்டும் தனிக் காத்தா?

கைலாசம்: ஏலே, அடுப்புல ஏதோ கருகுது பாரு...

ஞானதுரை: உப்புமா. கருகட்டும். நீ எங்க திங்கப் போற? நான் பொங்கிப் போடுதது அப்படியே கெடக்கு. ஆனா ஏப்பம் மட்டும் விடுத. கிட்ட வா. ஊது.

கைலாசம்: சீ, போலே!

ஞானதுரை: தேங்காப்பால் சொதி! கூட இஞ்சித் துவையல்! இங்க எந்த ஓட்டல்லலே இது போடுதான்?

கைலாசம்: மெதுவா... துல்கர்னைன் எங்க?

ஞானதுரை: மங்குஸ்தான் வாங்கப் போனான். ஆளக் காணல.

கைலாசம்: அவன்கிட்ட சொல்லமாட்டியே?

ஞானதுரை: மொதல்ல விஷயத்தச் சொல்லு.

கைலாசம்: இராமலட்சுமி... வந்திருக்கா.

ஞானதுரை: ஒன் பெஞ்சாதியா! ஏலே, சட்டம் என்ன? வருஷா வருஷம் சாரலுக்கு இந்த வீடு, பள்ளிக்கூடத்துக் கூட்டாளிமாரு மட்டும், பெஞ்சாதிமாரு வரப்படாது. நாட்டுக்குச் சுதந்திரம் கெடச்ச வருஷம் நாமளும் வாங்குன சுதந்திரம்லா அது! போன தடவ ஆவுடையப்பன் பெஞ்சாதியக் கூட்டிட்டு வந்தான்னு, அவன் பெட்டியத் தூக்கிக் கடையம் பஸ் மேல போட்டோம்லா?

கைலாசம்: அதுக்குத்தாம்லே பயந்து சாவுதேன். வருஷம் பூரா கடையில பருப்பு நிறுத்துக்கிட்டு, எப்படா சாரல் விழும்னு மலையப் பாத்துக்கிட்டுக் கெடக்கவன் நான். இந்த வீட்டுல எடமில்லன்னா எனக்கு அழுகை வந்துரும்லே.

ஞானதுரை: பெறவு ஏன் கூட்டிட்டு வந்த?

கைலாசம்: அவ கேட்டா... ‘தென்காசியில வாக்கப்பட்டு, அருவிய மலையில வெள்ளக் கோடாத்தான் பாத்திருக்கேன்’னா. மனசு தாங்கலலே.

ஞானதுரை: ...ம்.

கைலாசம்: என்னலே ம்?

ஞானதுரை: ஒண்ணுமில்ல. எங்க வச்சிருக்க?

கைலாசம்: சந்நிதித் தெரு, பச்சைக் கதவு வீடு. சீசன்ல அது ஒண்ணுதான் கெடச்சுது. மாடிய விட்டு எறங்காதேன்னு சொல்லி வச்சிருக்கேன். பாவம், அங்கயும் அவளுக்கு உறக்கமில்ல. கீழ ஒரு பொம்பள விடியக்காலமே கீர்த்தனை பாடுதாளாம். தகரத்தத் தரையில இழுத்த தொண்டையாம்.

ஞானதுரை: யாரு தொண்டையலே தகரம்ங்கா? எங்க வேதக் கோயில்ல அவ பாடுனா பாதிரி ஐயரே கண்ண மூடிக் கேப்பாரு!

கைலாசம்: எவ பாடுனா?

ஞானதுரை: உப்புமா கருகுது, எறக்கிட்டு வாரேன்.

கைலாசம்: ஏலே ஞானதுரை. எவ பாடுனா?

ஞானதுரை: ரெபேக்காள்தாம்லே.

கைலாசம்: அடப்பாவி! நீயும் பெஞ்சாதியக் கூட்டிட்டு வந்துட்டுத்தானா என் வாய மோந்து பாத்த?

ஞானதுரை: நானும் தெனமும் அங்கன போயி மீன் கொழம்புதான் திங்கேன். வெத்தல போட்டு வாடைய மறைச்சிட்டுல்லா வாரேன். ஒனக்கு அந்தப் புத்தி இல்ல.

கைலாசம்: துல்கர்னைனுக்குத் தெரிஞ்சா?

ஞானதுரை: ரெண்டு பேரு பெட்டியும் பஸ் மேலதான். சட்டம் போட்டவனே அவன்தான... உஷ்! வாரான்.

துல்கர்னைன்: என்னலே ரெண்டு பேரும் பால் குடிச்ச பூனை கணக்கா நிக்கிய?

ஞானதுரை: ஒண்ணுமில்லியே... பழம் எங்கலே?

துல்கர்னைன்: வாங்கல. பச்சைக் கதவு வீட்டுல இருந்து வாரேன்.

கைலாசம்: லே... தப்புத்தாம்லே. பாத்திரம் பூரா நாங்களே கழுவுதோம். எங்கள மட்டும் அனுப்பிராத.

துல்கர்னைன்: நான் யாருலே அனுப்ப? அங்கன மூணு பேரும் ஒண்ணு கூடிட்டாளுக. ஐந்தருவிக்கு வண்டி பேசியாச்சு. இனிமே வருஷா வருஷம் வருவாளுகளாம். புருஷமாரு வரப்படாதாம்.

கைலாசம்: மூணு பேரா? இராமலட்சுமி, ரெபேக்காள்... மூணாவது யாருலே?

துல்கர்னைன்: ...அதே வீட்டுப் பின்கட்டுல இருக்கா, என் பெஞ்சாதி மைமூன். புருஷமாரு வரப்படாதுங்குத சட்டத்தப் போட்டதே அவதாம்லே.