பதினேழாம் நம்பர் டப்பி

மதுமதி: மறைக்காம சொல்லுங்கண்ணே, மூணு மாசமா என்னதான் தின்னீங்க?

சோணைமுத்து: பாம்பன்ல என்ன கெடைக்கும்? சோறு, மீனு... ஏன் தாயி, ரத்தம் கெட்டுப்போச்சா?

மதுமதி: கெட்டிருந்தா காலேஜ்லருந்து பஸ் ஏறி வந்திருக்க மாட்டேன். ரொம்ப நல்லாருக்கு. அதான் தலைவலி.

சோணைமுத்து: நல்லாருந்தா தலைவலியா? நல்ல படிப்பு படிச்ச போ!

மதுமதி: கேளுங்க. ரத்தத்துல காவக்காக்குற அணு இருக்குல்ல... அதோட தோலுல கெட்ட கொழுப்பு ஏறுச்சுன்னா, எதிரியே வராம கூப்பாடு போடும்.

சோணைமுத்து: எங்க ஏலக்காரன் மாதிரி.

மதுமதி: சிரிக்காதீங்க. கூப்பாடுன்னா வாயால இல்ல, வீக்கத்தைக் கிளப்புற பொருளை அள்ளி அள்ளி விடும். ரத்தக்குழாய் உள்ளுக்குள்ள புண்ணாகி...

சோணைமுத்து: ...நெஞ்சை அடைக்கும். எங்கண்ணன் நாப்பத்திரெண்டு வயசுல படகுலயே போனாரே.

மதுமதி: ம்... மீன் எண்ணெய்க் கொழுப்பு அந்தத் தோலுக்குள்ள போனா கூப்பாடு அடங்குமான்னு பாக்கத்தான் எல்லாருக்கும் மாத்திரை டப்பி குடுத்தேன்.

சோணைமுத்து: அடங்கிருச்சுல்ல? அப்புறம் என்ன!

மதுமதி: அண்ணே... பாதிப் பேருக்குக் குடுத்தது மீன் எண்ணெயே இல்ல. பாத்தா ஒண்ணுபோல இருக்கும், உள்ள சாதா எண்ணெய். எது எதுன்னு எனக்கே தெரியாது. யாருக்கு எதுன்னு எழுதி ஒட்டி வச்ச கவரை நேத்துத்தான் பிரிச்சோம். உங்க பதினேழாம் நம்பர், சாதா.

சோணைமுத்து: அப்படியா... ஆச்சரியமால்ல இருக்கு.

மதுமதி: ஆச்சரியப்படுற மூஞ்சி இப்படி இருக்காதுண்ணே.

சோணைமுத்து: முனியய்யா சாமி சத்தியமா, நீ குடுத்த மாத்திரையத்தான் தெனம் முழுங்குனேன்!

மதுமதி: அதான் பயமே! உங்க மச்சான் மூக்கையாவுக்கு அசல் எண்ணெய் குடுத்தும் கூப்பாடு கூடியிருக்கு. மச்சானும் மச்சானும் சேந்து என் அஞ்சு வருச ஆராய்ச்சியைக் கவுத்துட்டீங்க. திங்கக்கிழமை காலேஜ்ல எல்லார் முன்னாடியும் நான் என்னத்தச் சொல்றது?

சோணைமுத்து: ...கோவிச்சுக்க மாட்டியே?

மதுமதி: மொதல்ல சொல்லுங்க.

சோணைமுத்து: மொத வாரம் ரெண்டு பேருமே முழுங்கல. மீன்காரனுக்கே மீன் எண்ணெயான்னு சிரிச்சுக்கிட்டு, நண்டு புடிக்கப் போடுற கூட்டுல இரையோட பிச்சு விட்டோம்.

மதுமதி: நண்டுக்கா!

சோணைமுத்து: மூக்கையா கூடு நெறைய நண்டு. பக்கத்துலயே என் கூடு... ஒண்ணுங் காணோம். எது அசல்னு அங்கனயே தெரிஞ்சுபோச்சு. அண்ணன் நெனப்பு வேற வந்துச்சு தாயி... பயந்துட்டேன். அவனுக்குத் தெரியாம அவன் டப்பிய எடுத்துக்கிட்டு, என் டப்பிய அவன் வீட்டுல வச்சுட்டேன்.

மதுமதி: எனக்கே தெரியாததை நண்டு கண்டுபுடிச்சிருக்கு! அடக் கடவுளே... அந்த மனுசன் பாவம், வெறும் எண்ணெய மூணு மாசமா முழுங்கிக்கிட்டு...

சோணைமுத்து: அவன் எங்க முழுங்குனான்? இன்னமும் கூட்டுலதான் விடுறான். நண்டு ஒண்ணுகூட வரலன்னு தெனம் எங்கிட்ட வந்து கடல வைஞ்சுட்டுப் போறான்... நானும் கூடச் சேந்து வையிறேன்.