பன்னிரண்டு டிகிரியில் ஒரு சந்தேகம்

ஃபெலிக்ஸ்: இன்னும் ஒரே ஒரு டெஸ்ட் ரன், மேடம்...

சுபாஸ்ரீ: நேத்தும் இதையேதான் சொன்னீங்க.

ஃபெலிக்ஸ்: நேத்து கேட்டது அஞ்சாவது. இது ஆறாவது.

சுபாஸ்ரீ: மணி அஞ்சரை, ஃபெலிக்ஸ். ட்ரைவர் ஜெயராம்கிட்ட ரெண்டு நிமிஷம் கேட்டாலே ‘நக்கோ’, முடியாதுன்னுடுவார். பையன் கௌஷிக் வேற வீட்ல டிபனுக்கு உக்காந்திருப்பான்.

ஃபெலிக்ஸ்: நீங்க கிளம்புங்க. நான் பாத்துக்கிடுதேன்.

சுபாஸ்ரீ: என் கையெழுத்து இல்லாம விண்ட் டன்னல்ல காத்தை எப்படி விடுவீங்க?

ஃபெலிக்ஸ்: அதுக்குத்தானே கெஞ்சுதேன்.

சுபாஸ்ரீ: நாச்சாரம் பட்டறையிலேர்ந்து மரப்பெட்டி வந்தாச்சு. நாளைக்குக் காலையில விண்கல மாடலை டன்னல்லேர்ந்து இறக்கி, பெட்டியில வெச்சு ஆணி அடிச்சுடுவாங்க.

ஃபெலிக்ஸ்: அதான் சொல்லுதேன். நிஜ விண்கலம் மேலேர்ந்து இறங்கும்போது இஞ்சின் ஓடாது. றெக்கையும் வாலும்தான். மூக்கு கொஞ்சம் ஒருபக்கமாத் திரும்பிட்டா, வால்தான் நேராக்கணும்...

சுபாஸ்ரீ: எனக்கே பாடமா?

ஃபெலிக்ஸ்: ஐயோ, இல்ல. மூக்கைப் பன்னிரண்டு டிகிரி தூக்கினா றெக்கை மறைக்குது. வாலுக்குக் காத்து பத்தலையோன்னு ஒரு சந்தேகம்.

சுபாஸ்ரீ: அஞ்சு ரன்னோட கோடும் ஒண்ணு மேல ஒண்ணா உக்காந்திருக்கு. கிராஃப்ல ஒரே கோடாத்தான் தெரியுது. இதுல சந்தேகம் எங்க இருக்கு?

ஃபெலிக்ஸ்: நீங்களும்தான் நாலு ரிப்போர்ட்டை ‘மறுபடி எடுக்கவும்’னு திருப்பி அனுப்பினீங்க.

சுபாஸ்ரீ: சந்தேகப்படறதுக்குத்தான் எனக்குச் சம்பளம்... மத்தியானம் என்ன சாப்பிட்டீங்க?

ஃபெலிக்ஸ்: கேன்டீன்ல புளிசாதம்.

சுபாஸ்ரீ: காலையில?

ஃபெலிக்ஸ்: அதுவும் கேன்டீன்தான். என்ன மேடம், இப்ப எனக்கு டெஸ்ட்டா?

சுபாஸ்ரீ: உங்க வீட்டம்மா ஜாஸ்மின் ஊர்லேர்ந்து வந்தாச்சா?

ஃபெலிக்ஸ்: அடுத்த வாரம்...

சுபாஸ்ரீ: போன மாசமும் அடுத்த வாரம்னுதான் சொன்னீங்க.

ஃபெலிக்ஸ்: வரமாட்டா மேடம். நாகர்கோவில்லயே ஒரு ஸ்கூல்ல வேலைக்குச் சேந்துட்டா. பாப்பாவையும் அங்கயே சேத்தாச்சு. மல்காஜ்கிரி வீட்டைத் திறந்தா, சாவியை மேசையில வைக்குத சத்தம் எனக்கே பெரிசாக் கேக்குது. டிவியைப் போட்டுட்டு அடுக்களையில நிக்கேன், ஒருத்தனுக்கு எவ்வளவு அரிசி போடணும்னு இன்னும் பிடிபடல.

சுபாஸ்ரீ: அதுக்காக ஆறாவது ரன்னா?

ஃபெலிக்ஸ்: இங்கன விசிறி ஓடினா ஒரு சத்தம் இருக்கும். நீங்க கண்ணாடிக்கு அந்தப்பக்கம் உக்காந்து திட்டிக்கிட்டு இருப்பீங்க... மன்னிச்சிடுங்க. சந்தேகம் ஒண்ணும் கிடையாது. அது எனக்கு ரெண்டாவது ரன்லயே தெரியும். ஜெயராம் ஹார்ன் அடிக்காரு. போங்க மேடம், கௌஷிக் காத்துக்கிட்டு இருப்பான்.

சுபாஸ்ரீ: கௌஷிக் ஜூலையிலயே ஹாஸ்டலுக்குப் போயிட்டான், ஃபெலிக்ஸ். வால்ல சந்தேகம் இல்லேன்னு எனக்கு முதல் ரன்லயே தெரியும்... அந்த ஃபாரத்தை இப்படிக் குடுங்க, கையெழுத்துப் போடறேன்.